மதகில் அளந்த தண்ணீர்

ஓர் அணை கட்டவோ, ஆற்றிலிருந்து நகரத்துக்குக் குழாய் போடவோ, முதலில் பல அலுவலகங்கள் சரி என்று சொல்ல வேண்டும். காடு, மீன்வளம், மாசுக் கட்டுப்பாடு, நெடுஞ்சாலை, ரயில்வே, நிலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டடம், ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு மாடிப்படி. எல்லோரும் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருப்பார்கள். முதல் கையெழுத்துப் போடத்தான் ஆள் இருக்காது. "அவங்க போட்டாச்சா?" என்பார்கள். அவர்களிடம் போனால், "இவங்க போடட்டுமே, நாங்க என்ன வேண்டாம்னா சொல்லப்போறோம்?" என்பார்கள். பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற இந்தச் சங்கதியையே சோறு போடும் தொழிலாக்கிக் கொண்டவள் அவள்.

நீர்த்திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை எழுதி அனுமதி வாங்கித் தரும் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. அங்கே அவளுக்கு நிபந்தனையக்கா என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக் கொண்டதில்லை. தட்டச்சு செய்ய வந்தவள்தான். ஆனால் அடித்ததையெல்லாம் படிக்கிற கெட்ட பழக்கம் இருந்தது. படித்ததில் ஏதாவது இடித்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளிகளுக்காகவே கோப்புகள் ஒவ்வொன்றாக அவள் மேசைக்கு நகர்ந்து வந்தன. தட்டச்சு இயந்திரம் ஒரு நாள் மூலைக்கு நகர்ந்தது. குழாய்க் கம்பெனி மாதிரிக்குக் கொடுத்த பிவிசி துண்டுகளை அறுத்து, அவற்றுக்குள் வரைபடங்களைச் சுருட்டிச் செருகி, சுவரோரம் நிறுத்தி வைத்திருந்தாள். வெளியாள் வந்து பார்த்தால் பிளம்பர் கடை என்று நினைத்துக் கொள்வான்.

அனுமதி வாங்கிக் கொடுப்பது மட்டும் அவள் வேலையாக இருந்திருந்தால் அந்தப் பட்டப்பெயர் வந்திருக்காது. ஒவ்வொரு அனுமதியிலும் திட்டக்காரர்களைக் கட்டிப்போடுகிற மாதிரி ஒரு நிபந்தனையாவது சேர்த்து விடுவாள். காசு கொடுப்பவர்கள் திட்டக்காரர்கள், கட்டிப்போடுவதும் அவர்களையே. எப்படி நடந்தது என்று அவர்களுக்கே பிடிபடாது. "இதை நாமளே போட்டுட்டா அனுமதி குடுக்கற குழு வேற எதையும் கேக்காது சார்" என்பாள். அது உண்மையாகவும் இருக்கும். அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம். நிபந்தனை என்றால் அதை யாராவது போய் அளந்து பார்க்க முடிய வேண்டும். 'இயன்றவரை', 'தகுந்த அளவில்' என்றெல்லாம் எழுதி வந்தால் அடித்து விடுவாள். "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்பாள். பொறியாளர்கள் அந்தப் பழமொழியையே அவளுக்கு வணக்கமாகச் சொல்லப் பழகி இருந்தார்கள். காலையில் மாடிப்படியில் பார்த்தால், "என்னக்கா, அளந்து போட்டாச்சா?"

வீட்டிலும் இதே கேலிதான். "ஒரு டீ குடிக்கணும். எந்தெந்தத் துறைல கையெழுத்து வாங்கணும்?" என்பார் வீட்டுக்காரர்.

"சர்க்கரை இல்லாம குடிக்கறதா இருந்தா இப்பவே அனுமதி. நிபந்தனைக்கு உட்பட்டது."

இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு. கருத்துக் கேட்புக் கூட்டங்களில் ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு பேசுகிறவரிடம் போவது. பேசி முடித்ததும், "உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது. அடுத்தவர்" என்று சொல்வது. அழுதவரிடமும் சரி, செருப்பைக் கழற்றியவரிடமும் சரி, ஒரே குரலில் அதைச் சொல்ல வேண்டும். குரல் கொஞ்சம் இளகினால் ஒரு பக்கம் சத்தம் போடும், கொஞ்சம் கடுத்தால் மறுபக்கம் சத்தம் போடும். அந்தக் குரலை அவள் வருடக்கணக்கில் இழைத்து வைத்திருந்தாள். கூட்டத்தில் பேசப்பட்டது ஒவ்வொன்றும் பிறகு ஓர் அட்டவணையில் ஏறும். இடப்பக்கம் அவர்கள் சொன்னது, வலப்பக்கம் திட்டக்காரர்களின் பதில். 'ஆறு எங்கள் உயிர்' என்று யாராவது பேசியிருந்தால் வலப்பக்கத்தில் 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று போட்டு மூடி விடலாம். இன்ன இடத்தில் இன்னது வேண்டும் என்று கேட்டிருந்தால் மட்டும் அப்படி நழுவ முடியாது. கேட்டதற்கு நேராகப் பதில் எழுதியாக வேண்டும்.

இருபது வருடத்துக்கு முன் ஓர் அணையின் கோப்பு அவள் மேசைக்கு வந்தது. அணைக்குக் கீழே, ஆற்றோடு போனால், பாலத்தைத் தாண்டி அவளுடைய அண்ணனின் நாற்றுப் பண்ணை இருந்தது. நிழல்வலைக்கு அடியில் மிளகாய், கத்தரி, தக்காளி, பப்பாளி என்று குழித்தட்டுகளில் நாற்று வளர்த்து விற்பவர். ஆற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும். நாற்றுக்குத் தண்ணீர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. காலையில் தவறினால் மாலையில் தலை தொங்கி விடும்.

அண்ணன் அப்போது கரையோரத்து ஆட்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, அணை வேலைக்கு வரும் லாரிகளை மறிப்பது என்று முடிவு செய்திருந்தார். இவள் பஸ் பிடித்துப் போனாள்.

"அண்ணே, மறிக்காதே. மறிச்சா உள்ள போடுவாங்க, அணையும் கட்டிடுவாங்க. நான் எழுதி வாங்கித் தரேன். வெயில் காலத்துலயும் இவ்வளவு தண்ணிய ஆத்துல விட்டே ஆகணும்னு அனுமதிலயே ஏத்திடறேன்."

"எழுதினா விடுவானா?"

"அளந்து பாக்கற மாதிரி எழுதினா விட்டுத்தான் ஆகணும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கடைக்குட்டி என்பதால் அவளை இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். "சரி பாப்பா" என்றார். மறுநாள் அவர் போகவில்லை. அவர் போகாததால் மற்றவர்களும் போகவில்லை. 'தங்கச்சி சொல்லிட்டாளாம்' என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரிப்பை வாங்கிக் கொண்டார்.

அவள் சொன்னபடியே வாங்கினாள். தண்ணீர் விடுவதற்கு ஒப்புக்கொள்ள வைப்பதுகூட அத்தனை கஷ்டமாக இல்லை. எந்த இடத்தில் அளப்பது என்பதில்தான் பேச்சு நீண்டது. மீன்வளத்துறைப் பெரியவர் ஒருவர், "மீன் மதகுலயாம்மா இருக்கு? ஆத்துல இருக்கு. கீழ, பாலத்துகிட்ட அளக்கணும்" என்றார்.

"பாலத்துல யார் சார் அளப்பாங்க?" என்றாள் அவள். "அங்க ஒரு அளவுக்கம்பம் நட்டா மறுநாளே அதுல ஆட்டைக் கட்டிடுவாங்க. மதகுல ராத்திரி பகலா ஆள் இருக்கான், மீட்டர் இருக்கு. அங்க அளந்தா பொய் சொல்ல முடியாது."

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். ஆடு கட்டும் கதை எடுபட்டு விட்டது. பெரியவரும் சிரித்துவிட்டு, தலையை ஆட்டினார். மதகிலேயே அளப்பது என்று ஆயிற்று. அன்றைக்கு அவள் மாடிப்படிகளில் ஓடி இறங்கினாள்.

தண்ணீரும் விட்டார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கோடைகூடத் தவறவில்லை. மற்ற அணைகளில் நிபந்தனைகள் காற்றில் பறந்தபோதும் அங்கே மதகின் மீட்டர் சொன்னபடி ஓடியது. ஒவ்வொரு கோடையிலும், வெயில் உச்சிக்கு வந்ததும், அண்ணனிடமிருந்து போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"பாப்பா, உன் தண்ணி ஓடுது."

"சரிண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. அதை வைத்துக்கொண்டு அவள் மிச்ச வருடத்தை ஓட்டி விடுவாள்.

ஒரு நாள் மேலாளர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு வரைபடம் விரிந்து கிடந்தது. சுருண்டு கொள்ளாமல் இருக்க ஒரு முனையில் அவருடைய செல்போனும் மறுமுனையில் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. பக்கத்தில் குடிநீர் வாரியத்தின் பொறியாளர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், சிரித்துப் பேசுகிறவர்.

"அக்கா, உங்க புண்ணியத்துல ஒரு திட்டம் கிடைச்சிருக்கு" என்றார் பொறியாளர். "தொழிற்பேட்டைக்குத் தண்ணி. நீரேற்று நிலையம் எங்க போடறோம், பாருங்க."

விரலை வைத்தார். மதகுக்குக் கீழே, பாலத்துக்கு மேலே.

அவள் அந்த விரலையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"அணையில இருந்து நேரா எடுக்கணும்னா பழைய அனுமதியத் திறக்கணும், வருஷக்கணக்காகும். இங்க அந்தத் தொல்லையே இல்ல. மதகுல அளவு முழுசா வருது. உங்க நிபந்தனை ஒரு சொட்டு மீறாம நிறைவேறுது. வெளிய வந்தப்புறம்தான நாங்க எடுக்கறோம்?"

"கோடைலயுமா எடுப்பீங்க?"

"கோடைலதானேக்கா வேணும்? கோடையில அந்த ஆத்துல நிச்சயமா தண்ணி இருக்கும்னு எழுத்துல இருக்கற ஒரே இடம் அதுதான். உங்களால."

மேலாளர் வரைவு அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். அளவிடும் இடம் பற்றிய பத்தியை எடுத்துக் காட்டினார். பாலத்தில் ஏன் அளக்கக் கூடாது, மதகில் ஏன் அளக்க வேண்டும் என்ற வாதம். ஆட்டை மட்டும் எடுத்துவிட்டு, மற்றபடி அவளுடைய வாக்கியங்களை அப்படியே ஒட்டியிருந்தார்கள். ஓரத்தில் புள்ளி வைக்கத் தப்பு ஒன்றும் இல்லை.

அடுத்த சில வாரங்கள் அவள் தனக்குத் தெரிந்த வித்தைகளையெல்லாம் இறக்கிப் பார்த்தாள். நீரேற்று நிலையம் எடுத்தது போக இவ்வளவு பாலத்துக்குப் போக வேண்டும் என்று புதுத் திட்டத்துக்கே ஒரு நிபந்தனை எழுதினாள். பொறியாளர் முதல் தடவையாகச் சிரிக்காமல், "அப்ப கோடையில பம்ப் சும்மா நிக்கும். அதுக்கு எதுக்கு திட்டம்?" என்றார். குழுவின் செயலாளரிடம் வாய்மொழியாகக் கேட்டுப் பார்த்தாள். ஒரே ஆற்றுக்கு இரண்டு அளவிடும் இடம் வைத்துக் குழப்ப முடியாது என்றார் அவர். பழைய நிபந்தனை இத்தனை ஒழுங்காக நிறைவேறி வரும்போது அதில் கை வைப்பானேன் என்றார். மீன்வளத்துறைப் பெரியவரைத் தேடினாள். அவர் காலமாகி வெகு நாளாயிருந்தது.

மேலாளரிடம் போய் நின்றாள். "சார், அன்னிக்கு நான் தப்பா யோசிச்சிட்டேன். மதகுக்கும் பாலத்துக்கும் நடுவுல ஒருத்தர் வந்து எடுப்பாங்கன்னு தோணல."

"தப்பு என்னம்மா இதுல? அணைக்கு அனுமதி வாங்கினீங்க, நிபந்தனையும் நிக்குது. யாருக்கும் உங்க மேல குறை கிடையாது." உண்மையான ஆறுதலாகத்தான் சொன்னார். "பிடிக்கலேன்னா சொல்லுங்க, வேற ஆளைப் போடறேன்."

வேறு ஆள் என்றால் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களில் ஒருவர். மதகைக் கண்ணால் பார்த்திராதவர். வேண்டாம், நானே பார்க்கிறேன் என்றாள். உள்ளே இருந்தால் ஏதாவது செய்யலாம், வெளியே போனால் வாசலில் நின்று கத்துகிற ஆள்தான். இந்தக் கணக்கை அவள் முப்பது வருடமாகப் போட்டு வந்திருக்கிறாள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று வீட்டுக்காரர் சொல்வார்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யாராவது எழுந்து, பாலத்தில் அளக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்டால் அட்டவணையில் ஏறும். ஏறினால் பதில் எழுத வேண்டும். பதிலை எழுதப்போகிறவள் அவளேதான். இதைக் கூட்டத்துக்கு வருகிற ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பது அவள் வேலைக்குத் துரோகம். தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். அவள் பஸ் ஏறினாள்.

அண்ணன் பூவாளியால் தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக் கொண்டிருந்தார். அண்ணி தேங்காய்நார்த் தூளைக் குழிகளில் அமுக்கிக் கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"வாங்க வாங்க, தண்ணிக்காரம்மா" என்றாள் அண்ணி. "கோடைக்கு முன்னாடியே வந்துட்டீங்க? போன்ல சொல்ற விஷயமா இருக்காதே."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பொறியாளரின் விரல் நின்ற இடத்தை, ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினாள். அண்ணன் பூவாளியைக் கீழே வைத்தார்.

"விடறான்ல?"

"விடுவாங்க."

"ஆனா வராது."

"வராதுண்ணே."

"அளக்கற இடம்னு ஒண்ணு இருக்கா அதுல?" என்றார் மெதுவாக. "எவ்வளவுங்கறதுதான் விஷயம்னு நினைச்சேன்."

"கூட்டத்துல நீ எழுந்து பேசணும். ஆறு போச்சு, வாழ்க்கை போச்சுன்னு பேசாதே, ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டாங்க. 'கோடையில பாலத்தடியில இவ்வளவு ஓடணும், அங்கயே அளக்கணும்'னு கேளு. அதை மட்டும் கேளு. மீதியை நான் பாத்துக்கறேன்."

அண்ணி அமுக்குவதை நிறுத்தினாள். "போன தடவையும் இதேதான் சொன்னே, மீதியைப் பாத்துக்கறேன்னு."

"நீ சும்மா இரு" என்றார் அண்ணன். பிறகு தங்கையைப் பார்த்து, "இன்னொரு தடவை சொல்லு பாப்பா, மனசுல வாங்கிக்கறேன்" என்றார். அவள் சொன்னாள். அவர் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக் கொண்டார்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் நடந்தது. பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சுகள். பெரியவர்கள் முழங்காலை மார்போடு ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் குழுத் தலைவர், பொறியாளர், மேலாளர். அவள் ஒலிவாங்கியின் ஒயரை இழுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போனாள். தொழிற்பேட்டையில் வேலை கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். பதிவு செய்யப்பட்டது. குழாய் தன் கொல்லை வழியாகப் போகக் கூடாது என்றார் ஒருவர். பதிவு செய்யப்பட்டது. ஆறு எங்கள் தாய் என்று ஒரு பெண் தொண்டை கிழியச் சொன்னாள். அதுவும் பதிவு செய்யப்பட்டது.

அண்ணன் எழுந்தபோது பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "தங்கச்சி இந்தத் தடவை என்ன சொல்லி அனுப்பினா?" அறை சிரித்தது.

அவர் ஒலிவாங்கியை வாங்கிக் கொண்டார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக் கொண்டார். மேடையைப் பார்க்கவில்லை, ஒயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற அவளைத்தான் பார்த்தார்.

"இருபது வருஷம் முன்னாடி அணை கட்டறப்ப, இவங்க எல்லாரும் மறிக்கலாம்னாங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன். எங்க தங்கச்சி எழுதி வாங்கித் தரேன்னா. அவ வாங்கின தண்ணியிலதான் நான் இத்தனை வருஷம் நாத்து வளர்த்தேன். இப்ப அதுல ஏதோ அளக்கற இடம் தப்பாயிடுச்சாம். எனக்கு அதைச் சரியா சொல்லத் தெரியல. தெரிஞ்சவ இங்கயே நிக்கறா. அவளைக் கேளுங்க. அவ சொல்லட்டும்."

ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார்.

அறை அடங்கியது. குழுத் தலைவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். மேலாளரும் பொறியாளரும் பார்த்தார்கள். சொல்ல வேண்டிய வாக்கியம் அவளுக்குத் தெரியும்; அதை உண்டாக்கியவளே அவள்தான். ஒலிவாங்கியை வாங்கினாள். கைக்கு அதன் கனம் பழகியிருந்தது. விரல் பழகிய இடத்தில் போய் உட்கார்ந்தது. வாயைத் திறந்தாள்.

"உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்றாள், அதே குரலில். "அடுத்தவர்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அதற்குள் அடுத்தவர் எழுந்து நின்று கை நீட்டி விட்டார். ஒலிவாங்கி அவர் கைக்குப் போய்விட்டது. பின்பெஞ்சில் யாரோ ஒருவர் கை தட்டினார், தனியாக. அண்ணன் தாழ்ந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்து, முழங்கால்களைச் சேர்த்து வைத்துக் கொண்டார். கூட்டம் முடிந்து அவள் ஒயரைச் சுருட்டிவிட்டு நிமிர்ந்தபோது அவர் போயிருந்தார்.

அட்டவணை தயாரித்தபோது, அண்ணனின் பெயருக்கு வலப்பக்கத்தில், பாலத்தில் அளக்க வேண்டியதன் காரணத்தை ஒரு பக்கத்துக்கு எழுதினாள். அவள் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல பக்கம் அது. மேலாளர் பொறுமையாகப் படித்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா இதை அவர் கேக்கவே இல்லையே? கேக்காததுக்கு எப்படிப் பதில் எழுதறது?"

"என்னைக் கேக்கச் சொன்னாரே சார்."

"நீங்க சொல்லலையே."

அவர் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இரண்டு சொல் எழுதினார். என்ன சொல் என்று அவள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அனுமதி வந்தது. அதிலும் நிபந்தனைகள் இருந்தன: பம்ப் சத்தம் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது, வேலிக்குள் மரம் நட வேண்டும். எல்லாமே அளந்து பார்க்கக்கூடியவை. மாடிப்படியில் இப்போதெல்லாம் யாரும் பழமொழி சொல்வதில்லை. அவளைக் கண்டால் பொறியாளர்களும் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அடுத்த கோடை வந்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. போன் வரவில்லை. அவள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத் தானே கூப்பிட்டாள். அண்ணி எடுத்தாள்.

"அவர் இல்ல."

"எங்க போயிருக்கார்?"

"மதகுக்கு. காலைல முதல் பஸ்ல போயிட்டார். அப்பப்பப் போறார். தட்டெல்லாம் கவுத்து வச்சாச்சு, இங்க வேற என்ன வேலை?" அண்ணியின் குரலில் கேலி இல்லை. அது இருந்திருந்தால் தேவலை என்று இருந்தது. "நீ சொல்லிக் குடுத்ததைக் கண்ணாடி முன்னாடி நின்னு எத்தனை தரம் சொல்லிப் பாத்தார் தெரியுமா? ஒரு எழுத்து தப்பில்லாம வந்துது. கூட்டத்தன்னிக்குக் காலைலதான், 'இதை அவளே சொன்னா என்ன'ன்னார்."



"மதகுல போய் என்ன பண்றார் அண்ணி?"

"தண்ணி வெளிய வர்றதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாராம். மீட்டர் பாக்கற ஆளு பழக்கமாயிட்டானாம். அளவு எவ்வளவுன்னு அவன்கிட்ட கேட்டுட்டு, அடுத்த பஸ்ல வந்துடுவார்."

"வந்து என்ன சொல்வார்?"

"சரியா இருக்காம்" என்றாள் அண்ணி. "நீ எழுதினபடி, சரியா இருக்காம்."